எழுதுவது ஓரிடம், ஓடுவது ஓரிடம்

விவேக் நகரிலும் பக்கத்தில் உள்ள ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா பகுதிகளிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளைகள் கணிப்பொறியில் நிரல் எழுதப் பழகுகிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் பெண் பைத்தான் மொழியில் கணக்குப் போடுகிறாள். பாலிடெக்னிக் மாணவன் ஆர்டுவினோ பலகையில் விளக்கு எரிய வைக்கிறான். பொறியியல் கல்லூரிக்குப் போனவர்கள் ஜிட் என்ற மென்பொருளில் தங்கள் நிரல்களைப் பாதுகாத்து வைக்கிறார்கள். நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். படித்தது டிப்ளமோதான். ஆனாலும் பழுது பார்த்தே பழகிய கை என்பதால், "அங்கிள், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வருகிற கோளாறுகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. நிரலில் தவறே இருக்காது. நிரலை எழுதும் எடிட்டருக்கும் அதை ஓட்டும் மென்பொருளுக்கும் இடையே ஒத்துப்போகாது. இதைச் சரிசெய்யும் முறையை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. காரணத்தை நான்காவது பகுதியில் சொல்கிறேன்.

எடிட்டர் என்றால் என்ன?

நிரல் என்பது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. அதை எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவி எடிட்டர். எழுதியதைக் கணிப்பொறிக்குப் புரியும் வடிவில் மாற்றி ஓட்டிக் காட்டும் கருவி வேறு. முற்காலத்தில் இவை இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. 1983-இல் போர்லாண்டு நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல் இரண்டையும் ஒரே திரையில் சேர்த்துக் கொடுத்துப் புகழ் பெற்றது. அதன் வழியில் வந்த டர்போ சி-யை நம் நாட்டுப் பள்ளி கல்லூரிகளில் பல ஆண்டுகள் கற்பித்தார்கள். இப்படி எல்லாம் ஒன்றாய் இருக்கும் அமைப்பை நிரலாக்கச் சூழல் என்கிறோம்.

அப்படியானால் வெளியிலிருந்து இன்னொரு எடிட்டர் எதற்கு என்று கேட்கலாம். சூழலோடு வரும் எடிட்டர் பெரும்பாலும் எளிமையானது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விரும்புகிறவருக்கும், தமிழ் எழுத்துருவைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கும், ஒரே எடிட்டரில் பல ஆண்டுகள் கைபழகியவருக்கும் அது போதாது. அதனால்தான் பல சூழல்களில் "வெளி எடிட்டரைப் பயன்படுத்து" என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

ஒற்றைப் பாதையும் டோக்கனும்

ரயில்வேயிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒற்றைப் பாதை. இரு பக்கமும் வண்டிகள் போக வேண்டும். மோதாமல் இருப்பதற்காக இரண்டு நிலையங்களிலும் நீல் டோக்கன் கருவிகள் இருக்கும். அவை மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. இரும்புப் பந்து போன்ற டோக்கன் ஒன்று ஒரு கருவியிலிருந்து வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் திரும்பப் போய்ச் சேரும் வரை எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் வண்டியை விடமாட்டார்.

நிரலாக்கச் சூழல் ஒரு நிலையம், எடிட்டர் இன்னொரு நிலையம், நடுவே போய்வருவது உங்கள் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒழுங்காகப் போய்த் திரும்ப நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, அடுத்த நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டாவது, வண்டி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் கோப்பு இருக்க வேண்டும். நான்காவது, அனுப்பிய சரக்கை மறுமுனையில் உள்ளவர் அதே சரக்காகப் படித்துப் பெற வேண்டும். எந்த வெளி எடிட்டர் கோளாறையும் இந்த நான்கில் ஒன்றில் அடக்கிவிடலாம். இதே வரிசையில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. முகவரி தெரியவில்லை

"எடிட்டரைக் காணவில்லை", "கட்டளை கிடைக்கவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால் இதுதான் காரணம். எடிட்டர் கணிப்பொறியில் இருக்கும். ஆனால் அழைக்கிற மென்பொருளுக்கு அது இருக்கும் இடம் தெரியாது. கணிப்பொறி தேடிப் பார்க்கும் கோப்புறைகளின் பட்டியலுக்குப் பாத் என்று பெயர். எடிட்டரின் கோப்புறை அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது முழு முகவரியையும் அமைப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் மென்பொருள்கள் வழக்கமாகத் தங்கும் "புரோகிராம் ஃபைல்ஸ்" கோப்புறையின் பெயரில் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால், சில மென்பொருள்கள் இடைவெளிக்கு முன்னால் உள்ள துண்டையே முழுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காது. முகவரியின் இரு பக்கமும் இரட்டை மேற்கோள் போட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எடிட்டரை இப்போதுதான் நிறுவியிருப்பீர்கள். ஆனால் கட்டளைத் திரை அதற்கு முன்பே திறந்திருக்கும். பழைய திரைக்குப் புதிய பாத் தெரியாது. மூடிவிட்டுத் திறந்தால் போதும். ஆப்பிள் கணிப்பொறியில் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரை நிறுவினால் மட்டும் போதாது. "கோட்" என்ற கட்டளையைப் பாத்தில் சேர்க்கும்படி அந்த எடிட்டருக்குள்ளேயே ஒருமுறை ஆணையிட வேண்டும். ஆப்பிளிலும் லினக்ஸிலும் படத்தைச் சொடுக்கித் திறந்த மென்பொருளுக்கும் கட்டளைத் திரையிலிருந்து திறந்த மென்பொருளுக்கும் பாத் வேறுபடலாம். ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாவிட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

சோதனை எளியது. சூழலை மறந்துவிட்டு, கட்டளைத் திரையில் எடிட்டரின் பெயரை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். திறக்காவிட்டால் பழுது முகவரியில்தான். திறந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

2. காத்திருக்கவில்லை

இது பொறியியல் மாணவர்களை அதிகம் குழப்புவது. ஜிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய மென்பொருள். நிரலில் செய்த மாற்றத்தைப் பதியும்போது, என்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுதச் சொல்லும். அதற்காக ஒரு எடிட்டரைத் திறக்கும். நாம் எழுதிச் சேமித்து மூடியதும் அந்தக் குறிப்பை எடுத்துக்கொள்ளும்.

மாணவன் தன் விருப்பமான எடிட்டரை அமைத்திருப்பான். எடிட்டரும் திறக்கும். ஆனால் அவன் ஓர் எழுத்து எழுதுவதற்குள்ளேயே, "குறிப்பு காலியாக இருக்கிறது, பதிவைக் கைவிடுகிறேன்" என்று ஜிட் சொல்லிவிடும். என்ன நடந்தது? இப்போதைய எடிட்டர்கள் பல, தாம் ஏற்கெனவே திறந்திருந்தால், புதிதாக வரும் கோப்பைத் திறந்திருக்கும் சன்னலிடம் ஒப்படைத்துவிட்டு, அழைப்புக்கு வந்த பிரதியை உடனே முடித்துக்கொள்கின்றன. அழைத்த மென்பொருளுக்கு "வேலை முடிந்தது" என்று அர்த்தமாகிறது. டோக்கன் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அது அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறது.

தீர்வு, "நான் மூடும் வரை காத்திரு" என்று எடிட்டரிடம் சொல்லி அனுப்புவது. விஷுவல் ஸ்டுடியோ கோட், சப்லைம் ஆகிய இரண்டிலும் கட்டளைக்குப் பின் இரண்டு சிறு கோடுகளும் "வெயிட்" என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்க்க வேண்டும். ஜிவிம் எடிட்டருக்கு ஒரு சிறு கோடும் "எஃப்" எழுத்தும். நோட்பேட் பிளஸ் பிளஸில் ஒவ்வொரு அழைப்புக்கும் தனிச் சன்னல் திறக்கும்படி "மல்டிஇன்ஸ்ட்" என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

எந்த எடிட்டரைத் திறப்பது என்று ஜிட் முடிவு செய்யும் வரிசையும் தெரிந்திருப்பது நல்லது. முதலில் "ஜிட் எடிட்டர்" என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அடுத்து தன் சொந்த அமைப்பில் உள்ள "கோர் எடிட்டர்". அதன் பிறகு "விஷுவல்", கடைசியாக "எடிட்டர்" என்ற மாறிகள். ஒன்றும் இல்லாவிட்டால் வழக்கமாக விஐ திறக்கும். "விஷுவல்", "எடிட்டர்" என்று இரண்டு மாறிகள் இருப்பதற்குக் காரணம் பழைய காலத்தது. திரையே இல்லாமல் தாளில் அச்சடித்த டெலிபிரிண்டர் முனையத்துக்கு வரிவரியாகத் திருத்தும் எடிட்டர், திரை உள்ள முனையத்துக்கு முழுப்பக்க எடிட்டர் என்று இரண்டு தேவைப்பட்டன. ஓரிடத்தில் மாற்றியும் பழைய எடிட்டரே திறக்கிறது என்றால், இந்த வரிசையில் மேலே உள்ள ஒன்று அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

விஐ எடிட்டருக்குள் அகப்பட்டு வெளியேறத் தெரியாமல் கணிப்பொறியையே அணைக்கிறவர்கள் உண்டு. எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

3. இரண்டு கைகளில் ஒரே கோப்பு

ஆர்டுவினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம். அதன் முதல் தலைமுறை மென்பொருளில் விருப்பங்கள் பகுதியில் "வெளி எடிட்டரைப் பயன்படுத்து" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டால் சூழலின் சொந்த எழுத்துப் பகுதி பூட்டப்பட்டுவிடும். அங்கே தட்டச்சு செய்ய முடியாது. வெளியே எழுதிச் சேமித்ததை, நிரலை ஓட்டும் நேரத்தில் வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். "திடீரென்று எழுத முடியவில்லை, மென்பொருள் கெட்டுவிட்டது" என்று ஒரு மாணவன் வந்தால் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. டோக்கன் வெளியே இருக்கும்போது கருவி பூட்டிக்கொள்வது போன்றது.

அந்தக் கட்டத்தில் குறியிடாமல் இரண்டு இடத்திலும் ஒரே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் ஆபத்து. வெளியே 40 வரி எழுதிச் சேமிக்கிறீர்கள். சூழலின் நினைவில் இருப்பதோ பழைய பிரதி. அங்கே சேமி என்று அழுத்தினால் பழையது புதியதின் மேல் விழுந்து 40 வரியும் போய்விடும். "வட்டில் கோப்பு மாறியிருக்கிறது, மீண்டும் ஏற்றவா?" என்று ஒரு மென்பொருள் கேட்டால் படிக்காமல் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தாதீர்கள். எந்தப் பிரதி புதியது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆர்டுவினோவில் மேலும் ஒரு விஷயம். ஒரு நிரலின் கோப்புறையில் உள்ள "ஐஎன்ஓ" வகைக் கோப்புகள் எல்லாவற்றையும் அது ஒன்றாகச் சேர்த்தே மொழிமாற்றும். பாதுகாப்புக்கென்று பழைய பிரதியை வேறு பெயரில் அதே கோப்புறையில் வைத்தால், ஒரே பெயருள்ள பகுதிகள் இரண்டு முறை வருவதாகப் பிழைகளைக் கொட்டும். பிரதியை வேறு கோப்புறையில் வையுங்கள்.

வெளியே சேமித்த மாற்றம் உள்ளே தெரியவே இல்லை என்ற புகாருக்கும் ஒரு காரணம் சொல்கிறேன். சில எடிட்டர்கள் இருக்கும் கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பில் முழுவதையும் எழுதி முடித்து, பிறகு பழைய பெயரை அதற்குச் சூட்டுகின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் பழையது பிழைக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் பழைய கோப்பையே கண்காணித்துக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு இந்த மாற்றம் தெரியாமல் போகலாம். கோப்பை மூடி மறுபடி திறந்து பாருங்கள்.

4. எழுத்து மாறிப்போகிறது

நம் வீடுகளுக்கு முக்கியமானது இதுதான். நிரலில் ஆங்கிலம் மட்டும் இருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். பிள்ளை ஆசையாகத் தன் பெயரைத் தமிழில் எழுதி ஓட்டிப் பார்க்கும். திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். "தமிழெல்லாம் கம்ப்யூட்டரில் சரியாக வராது" என்று முடிவு கட்டி ஆங்கிலத்துக்குப் போய்விடும். ஊரை விட்டு வந்து, வீட்டுக்குள் மட்டுமே தமிழை வைத்துக் காப்பாற்றும் நமக்கு இந்த முடிவு சின்ன விஷயம் இல்லை. அதிலும் பழுது தமிழில் இல்லை, ஒரு அமைப்பில் இருக்கிறது.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தமே குறியேற்றம். தொண்ணூறுகளில் தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தது. ஓரிடத்தில் தட்டச்சு செய்ததை அதே எழுத்துரு இல்லாத இடத்தில் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் அதன் பயனாக வந்தவை. இதற்கிடையே, 1991-இல் வெளியான யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் எழுதும் முறைகளுள் இன்று பரவலானது யூ.டி.எஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

எடிட்டர் ஒரு குறியேற்றத்தில் எழுதி, நிரலாக்கச் சூழல் வேறு குறியேற்றத்தில் படித்தால் எழுத்து கெடும். எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

(அ) தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய "ஏ"யும், அடுத்து வட்டத்துக்குள் "ஆர்" குறியும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு சரியான யூ.டி.எஃப்-8 தமிழ். படிக்கிறவர்தான் பழைய மேலைநாட்டுக் குறியேற்றத்தில் படிக்கிறார். குறியேற்றத்தை மாற்றித் திறந்தால் தமிழ் வந்துவிடும். அது வரை சேமிக்காதீர்கள். (இதே நிலையில் கன்னடமாக இருந்தால் வட்ட "ஆர்" இருக்கும் இடத்தில் சிறிய 2 அல்லது 3 வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.)

(ஆ) வெறும் கேள்விக்குறிகளாக வந்தால், தமிழைத் தாங்காத ஆன்சி என்ற பழைய குறியேற்றத்தில் சேமித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் கோப்பில் இருப்பதே கேள்விக்குறிதான். திரும்பப் பெற முடியாது.

(இ) வெற்றுக் கட்டங்கள் வந்தால் பெரும்பாலும் எழுத்துரு மட்டுமே இல்லை. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

(ஈ) புள்ளி வட்டத்தோடு கால், கொம்பு, கொக்கிகள் தனியே நின்றால், நிரல் ஓர் உயிர்மெய்யை நடுவே வெட்டியிருக்கிறது. "கி" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணிப்பொறிக்கு "க" ஒன்று, கொக்கி ஒன்று. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும்.

(உ) பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பாக இருக்கலாம். பழைய விழா மலர்க் கட்டுரைகளில் இதைக் காணலாம். எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது வகை இழப்பை எங்கள் தெருவில் நேரில் பார்த்தேன். பொங்கல் விழாவுக்காக ஒரு கல்லூரி மாணவி பழமொழிப் போட்டி நிரல் ஒன்று எழுதினாள். முதல் பாதியைச் சொன்னால் மறு பாதியைச் சொல்ல வேண்டும். பழமொழிகள் அவள் பாட்டி கொடுத்தவை. தர்மபுரிப் பக்கம் பேச்சில் வழங்கும், புத்தகத்தில் கிடைக்காத பலவும் அதில் இருந்தன. முதல் நாள் மாலை தட்டச்சு செய்ததைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தாள். இரண்டாம் நாள் உறவினர் வீட்டுப் பழைய மடிக்கணினியில் நிரலாக்கச் சூழலைத் திறந்து, அதோடு இணைத்திருந்த வெளி எடிட்டரில் மீதியைச் சேர்த்தாள். சேமிக்கும்போது சில எழுத்துகள் தொலையும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்திவிட்டாள். திரையில் தமிழ் நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் எடிட்டரின் நினைவில் அது இன்னும் இருந்தது. மூடிவிட்டு மறுநாள் திறந்தபோது தமிழ் வரிகள் அத்தனையும் கேள்விக்குறிகள். முதல் நாளுடையது மின்னஞ்சலிலிருந்து கிடைத்தது. இரண்டாம் நாளுடையதற்கு, "பாட்டி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போய் உட்கார வேண்டியதாயிற்று. எண்பது வயதைக் கடந்த அம்மையாருக்கு எல்லாம் திரும்ப நினைவுக்கு வரவில்லை. வந்தவற்றை வைத்துப் போட்டி நடந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது. சேமித்த கோப்பில் கேள்விக்குறி தெரிந்து, எடிட்டர் திரையில் இன்னும் தமிழ் தெரிந்தால், எடிட்டரை மூடாதீர்கள். "வேறாகச் சேமி" என்பதில் போய்க் குறியேற்றத்தை யூ.டி.எஃப்-8 ஆக்கிச் சேமியுங்கள். எல்லாம் பிழைத்துவிடும்.

விண்டோஸின் நோட்பேட் 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் யூ.டி.எஃப்-8-ஐத் தன் இயல்பான முறையாகக் கொண்டது. அதற்கு முன் ஆன்சிதான். ஆகவே வீட்டில் பழைய கணிப்பொறி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பைத்தான் 3-இல் நிரல் கோப்பு இயல்பாகவே யூ.டி.எஃப்-8 என்று கொள்ளப்படும். ஆனால் நிரல் வேறொரு கோப்பைத் திறந்து படிக்கும்போது, விண்டோஸில் பரவலாக உள்ள பதிப்புகள் பழைய குறியேற்றத்தையே எடுத்துக்கொள்ளும். திறக்கும் ஆணையிலேயே குறியேற்றம் யூ.டி.எஃப்-8 என்று எழுதிவிடுங்கள்.

தமிழிலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியும் இருக்கிறது. பதிப்பி "வணக்கம்" என்று எழுதினால் வணக்கம் என்று அச்சிடும். ஆணைச் சொற்களே தமிழ் என்பதால், குறியேற்றம் தவறினால் அங்கே ஒரு வரிகூட ஓடாது.

15 பைட் சோதனை

புதிதாக எந்த எடிட்டரை இணைத்தாலும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு நிமிடம் போதும். புதிய கோப்பில் "தமிழ்" என்ற சொல்லை மட்டும், மேற்கோள் குறி இல்லாமல், தட்டச்சு செய்யுங்கள். என்டர் அழுத்தாதீர்கள். சேமித்து, கோப்பின் பண்புகளில் அளவு எத்தனை பைட் என்று பாருங்கள். வட்டில் பிடித்திருக்கும் இடம் என்று இன்னோர் எண் இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம்.

15 என்றால் சரியான யூ.டி.எஃப்-8. ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட்.

18 என்றால் யூ.டி.எஃப்-8-தான், ஆனால் முன்னால் பி.ஓ.எம். என்ற 3 பைட் அடையாளமும் சேர்ந்திருக்கிறது. பைத்தான் இதைப் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் ஷெல் நிரல்கள் முதல் வரியிலேயே தடுமாறும். "பி.ஓ.எம். இல்லாமல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

12 என்றால் யூ.டி.எஃப்-16. பழைய நோட்பேடில் "யூனிகோட்" என்று மட்டும் போட்டிருப்பது இதுவே. நிரலுக்கு உதவாது.

5 என்றால் ஐந்து கேள்விக்குறிகள். அந்த எடிட்டரின் அமைப்பை மாற்றும் வரை அதில் தமிழ் எழுதாதீர்கள்.

16 அல்லது 17 வந்தால் பயம் வேண்டாம். சில எடிட்டர்கள் கடைசியில் வரி முடிவுக் குறியைத் தாமே சேர்க்கும். லினக்ஸ் வழக்கத்தில் அது 1 பைட், விண்டோஸ் வழக்கத்தில் 2. டெலிபிரிண்டரில் அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்ப ஒரு குறி, தாள் ஒரு வரி நகர இன்னொரு குறி தேவைப்பட்டது. விண்டோஸ் அந்த இரண்டையும் இன்றும் வைத்திருக்கிறது. விண்டோஸில் எழுதிய ஷெல் நிரல் லினக்ஸில் ஓட மறுத்தால் இந்தக் கூடுதல் குறியைப் பாருங்கள். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் வரி முடிவை மாற்றும் வசதி வழக்கமாக இருக்கும்.

பெற்றோருக்கு

நிரல் எழுதத் தெரியாத பெற்றோரும் இதில் இரண்டு உதவிகள் செய்யலாம். பிள்ளை தமிழில் எதையாவது தட்டச்சு செய்தால் அன்றன்றைக்கு ஒரு பிரதியை மின்னஞ்சலிலோ வேறு கருவியிலோ வைக்கச் சொல்லுங்கள். ஜிட் தெரிந்த பிள்ளையானால் தினமும் பதியச் சொல்லுங்கள். முந்தைய நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். இரண்டாவது, எச்சரிக்கைப் பெட்டி வந்தால் சரி என்று அழுத்துவதற்கு முன் வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பார்த்த ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது போலத்தான்.

பழுது வந்தால் வரிசை மறக்க வேண்டாம்: முகவரி, காத்திருப்பு, ஒரே கை, எழுத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு சோதியுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் கணிப்பொறியில் இன்றே அந்த 15 பைட் சோதனையைச் செய்து பாருங்கள். எண் சரியாக வந்தால், தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டியவை நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன.